விளக்கின் நிறமும் வயல் பூச்சிகளும்

மழை ஓய்ந்த மாலை. திண்ணை விளக்கைப் போட்ட சில நிமிடங்களில் ஈசல் கூட்டம் வந்து மொய்க்கிறது. சாப்பாட்டுத் தட்டில் விழுகிறது. விளக்கை அணைத்துவிட்டு இருட்டிலேயே சாப்பிட்டு எழுந்த அனுபவம் நம் கிராமங்களில் எல்லோருக்கும் உண்டு. புற்றின் அருகே பானையைப் பதித்து, விளக்கு வைத்து ஈசல் பிடிக்கும் வழக்கமும் நமக்குப் புதிதல்ல. இன்று வேளாண்மைத் துறையினர் பரிந்துரைக்கும் விளக்குப் பொறிக்கு அந்த ஈசல் பானைதான் மூத்த அண்ணன்.

பூச்சிகள் விளக்குக்கு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எல்லா விளக்குக்கும் ஒரே மாதிரி வருவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. ஒரு நிற விளக்குக்குக் கூட்டமாக வரும் அந்துப்பூச்சி, வேறொரு நிற விளக்கைக் கண்டுகொள்வதே இல்லை. இதைத் தெரிந்துகொண்டால் இரண்டு லாபம். பூச்சியைப் பிடிக்க வேண்டிய இடத்தில் அதை அழைக்கும் விளக்கை வைக்கலாம். பூச்சி வரக்கூடாத இடத்தில், உதாரணமாக வயலை ஒட்டிய மோட்டார் கொட்டகையில், அதை அழைக்காத விளக்கைப் போடலாம். இரண்டாவதற்குத் தனியாகச் செலவு கிடையாது. எப்படியும் வாங்கப்போகும் பல்பை நிறம் பார்த்து வாங்கினால் போதும்.

பூச்சியின் கண்

நம் கண்ணுக்கு ஊதா முதல் சிவப்பு வரை தெரிகிறது. வானவில்லில் ஊதாவுக்கு அப்பால் உள்ள புற ஊதாக் கதிர் நமக்குத் தெரியாது. பூச்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு இது ஒருபுறம் கூடுதல், மறுபுறம் குறைவு. புற ஊதாக் கதிரை அவை நன்றாகப் பார்க்கின்றன. சிவப்பைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் லப்பக் என்பவர், எறும்புகளுக்குப் புற ஊதாக் கதிர் தெரிகிறது என்பதை 1880-களிலேயே சோதித்துக் காட்டினார். கார்ல் வான் ஃப்ரிஷ் என்ற விஞ்ஞானி, தேனீக்களுக்கு நிறம் பிரித்தறியும் திறன் உண்டு என்பதை 1914-ல் வெளியிட்டார். சாம்பல் நிற அட்டைகளுக்கு நடுவே ஒரு நீல அட்டையை வைத்து, அதில் மட்டும் சர்க்கரைத் தண்ணீர் வைத்துத் தேனீக்களைப் பழக்கினார். பிறகு சர்க்கரைத் தண்ணீர் இல்லாமல், அட்டைகளை இடம் மாற்றி வைத்தபோதும் தேனீக்கள் நீல அட்டையையே தேடி வந்தன. சிவப்பு அட்டையை மட்டும் அவற்றால் கரும் சாம்பல் நிறத்திலிருந்து பிரித்தறிய முடியவில்லை. அவருக்கு 1973-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒளியின் நிறத்தை அதன் அலைநீளத்தால் அளக்கிறார்கள். அதற்கான அளவு நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். பல பூச்சிகளின் கண்ணில் மூன்று வகை ஒளி உணர்விகள் உள்ளன. ஒன்று 350 நானோமீட்டரை ஒட்டிய புற ஊதாக் கதிருக்கு; இரண்டாவது 440-ஐ ஒட்டிய நீலத்துக்கு; மூன்றாவது 530-ஐ ஒட்டிய பச்சைக்கு. சிவப்பு 620-க்கு மேல்தான் தொடங்குகிறது. சில பட்டாம்பூச்சிகள் போன்ற விலக்குகளைத் தவிர, மற்றப் பூச்சிகளுக்குச் சிவப்பு ஏறக்குறைய இருட்டுக்குச் சமம்.

இதில் உடனே பயன்படும் ஒரு யோசனை உண்டு. இரவில் வயலில் பூச்சி நடமாட்டம் பார்க்கப் போகும்போது டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பயிர் தெரியும். பயிரில் இருக்கும் பூச்சி பெரும்பாலும் கலையாது. ஆனால் வரப்பில் நடக்கும்போது வெள்ளை வெளிச்சமே வேண்டும். பாம்பு, தேள் பயம் இருக்கிறதல்லவா?

விளக்கைத் தேடி ஏன் வருகின்றன?

விட்டில் விளக்கில் விழுவதற்குக் காரணம் அதன் ஆசை என்று பழமொழிகள் சொல்லும். நிலவைப் பார்த்துத் திசை கண்டு பறக்கும் பூச்சி விளக்கை நிலவென்று எண்ணி ஏமாறுகிறது என்று நீண்ட காலம் சொல்லி வந்தார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆராய்ச்சியாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து, அதிவேகக் காமிராக்களால் பூச்சிகளின் பறப்பைப் படம்பிடித்து, 2024 ஜனவரியில் வேறொரு விளக்கம் வெளியிட்டார்கள்.

இரவிலும் தரையைவிட வானம் சற்று வெளிச்சமாக இருக்கும். பறக்கும் பூச்சி தன் முதுகை வெளிச்சத்தின் பக்கம் வைத்துக்கொண்டால், தான் நேராகப் பறப்பதாக அதற்கு உறுதி. இயற்கையில் இந்தக் கணக்கு தவறுவதில்லை. பக்கவாட்டில் ஒரு விளக்கு எரியும்போதுதான் தவறிவிடுகிறது. பூச்சி தன் முதுகை விளக்கின் பக்கம் திருப்புகிறது, உடல் சாய்கிறது, பறக்கும் பாதை வளைகிறது, விளக்கையே சுற்றிச் சுற்றி வருகிறது. விளக்கு கீழிருந்து மேலே அடித்தால் தலைகீழாகப் புரண்டு விழுகிறது. வெகுதொலைவிலிருந்து ஆசைப்பட்டு ஓடி வருவதைவிட, அருகில் வந்த பூச்சி வலையில் சிக்குவது போலச் சிக்கிக்கொள்வதே அதிகம்.

ஆகவே, ஒரே ஒரு விளக்கு வைத்தால் ஊர்ப் பூச்சியெல்லாம் நம் வயலுக்கு வந்து செத்துவிடும் என்று எண்ணுவதும் சரியல்ல. விளக்கினால் பயனே இல்லை என்று ஒதுக்குவதும் சரியல்ல. அதன் கைக்கு எட்டிய வட்டத்துக்குள்தான் அது வேலை செய்யும். முழு நிலவு நாளில் அந்த வட்டம் சுருங்கிவிடும். அமாவாசையை ஒட்டிய இருட்டு நாட்களில் விரியும். பௌர்ணமியன்று பொறியில் பூச்சி குறைந்தால், வயலில் பூச்சி குறைந்துவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது.

எந்த விளக்கில் என்ன ஒளி?

நம் கண்ணுக்கு ஒரே வெள்ளையாகத் தெரியும் இரண்டு விளக்குகள் பூச்சியின் கண்ணுக்கு வேறு வேறாகத் தெரியும். விளக்கின் வாட் அளவை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது.

அரிக்கேன் விளக்கும் பழைய குண்டு பல்பும் சூட்டினால் ஒளி தருபவை. அவற்றின் ஒளியில் மஞ்சளும் சிவப்பும் அதிகம், நீலம் குறைவு, புற ஊதா மிகக் குறைவு. மின்சாரம் இல்லாத காலத்தில், சுற்றிலும் கும்மிருட்டாக இருந்ததால் அவையே போதுமானதாக இருந்தன. இன்று தெரு விளக்குகள் போட்டிக்கு நிற்கும் ஊரில் அரிக்கேன் விளக்குப் பொறி அதே பலனைத் தரும் என்று எதிர்பார்க்க முடியாது.

டியூப் லைட்டில் பாதரச ஆவி இருப்பதால் நீலமும் பச்சையும் நன்றாக உண்டு. புற ஊதாவும் சிறிது கசியும். பெரிய பாதரச ஆவி விளக்கில் புற ஊதா இன்னும் அதிகம். பூச்சி ஆராய்ச்சி நிலையங்களில் 125 வாட் பாதரச ஆவி விளக்கைப் பொறியில் பயன்படுத்தியதற்கு இதுவே காரணம்.

எல்.இ.டி. பல்பு வேறு வகை. வெள்ளை எல்.இ.டி.யின் உள்ளே இருப்பது ஒரு நீல விளக்கு. அதன்மேல் பூசிய மஞ்சள் பூச்சு அதை வெள்ளையாக்குகிறது. அதில் புற ஊதா அநேகமாக இல்லை. ஆனால் நீலம் உண்டு. பளிச்சென்ற நீலவெள்ளைப் பல்பில் நீலம் அதிகம். மஞ்சள் சாயலுள்ள பல்பில் குறைவு. அதனால் ஒரே வாட் உள்ள இரண்டு பல்புகளில், மஞ்சள் சாயல் உள்ளதற்குப் பூச்சி குறைவாக வரும். அசல் மஞ்சள் பல்புக்கு இன்னும் குறைவு. சிவப்புக்கு மிக மிகக் குறைவு.

பூச்சி பிடிக்கவென்றே செய்யப்பட்ட விளக்கு கருநீல ஒளி வீசும் புற ஊதா விளக்கு. இதன் ஒளி 365 நானோமீட்டரை ஒட்டி இருக்கும். நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் இது பூச்சியின் கண்ணுக்குப் பந்தல் விளக்கு. இதில் ஓர் எச்சரிக்கை. தண்ணீர் சுத்திகரிப்புக்கும் கிருமி கொல்வதற்கும் விற்கும் புற ஊதா விளக்கு வேறு. அது 254 நானோமீட்டர் கதிரை வீசும். கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னாலும் வாங்கக்கூடாது. பூச்சிப் பொறிக்கான விளக்கையும் உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

நெல் வயலில்

விளக்குப் பொறிக்கு நன்றாக வரும் பயிர்ப் பூச்சிகளில் நெல்லைத் தாக்குபவை முக்கியமானவை. குருத்துப்பூச்சியின் தாய் அந்துப்பூச்சி, இலைச் சுருட்டுப் புழுவின் அந்துப்பூச்சி, பச்சைத் தத்துப்பூச்சி, புகையான் ஆகியவை வருகின்றன. வங்காளத்தில் தீபாவளி, காளி பூஜை சமயத்தில் விளக்குகளை மொய்க்கும் சிறு பச்சைப் பூச்சிக்குச் 'சியாமா போக்கா' என்று பெயர். அது வேறொன்றுமில்லை, நெல் வயலிலிருந்து வரும் பச்சைத் தத்துப்பூச்சிதான்.

பொறியில் விழுந்ததை அடையாளம் காணத் தெரிய வேண்டும். குருத்துப்பூச்சியின் பெண் அந்துப்பூச்சி வைக்கோல் மஞ்சள் நிறம். முன் இறக்கை ஒவ்வொன்றிலும் தெளிவான ஒரு கரும்புள்ளி இருக்கும். ஆண் சற்றுச் சிறியது, பழுப்பு நிறம். இலைச் சுருட்டுப் புழுவின் அந்துப்பூச்சிக்கு மஞ்சள் கலந்த பழுப்பு இறக்கையில் அலை போன்ற கருங்கோடுகள். புகையான் பழுப்பு நிறத்தில் தத்தும் சிறு பூச்சி.

பொறியின் முதல் வேலை கொல்வது அல்ல, செய்தி சொல்வது. குருத்துப்பூச்சியின் தாய் அந்து திடீரெனக் கூடினால், இன்னும் சில நாட்களில் இலை நுனிகளில் பழுப்பு உரோமம் போர்த்திய முட்டைக் குவியல்களைக் காணலாம். ஏறத்தாழ ஒரு வாரத்தில் அவை பொரித்துப் புழு தண்டுக்குள் போய்விடும். போன பிறகு மருந்து எட்டுவது கடினம். எனவே அந்துப்பூச்சி தெரிந்த மறுநாளே வயலில் இறங்கி, குறுக்கும் நெடுக்கும் பல இடங்களில் முட்டைக் குவியலைத் தேட வேண்டும். கண்டதைக் கிள்ளி எடுக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல், அல்லது நூற்றுக்குப் பத்து நடுக்குருத்து காய்ந்திருப்பது, இதுதான் நடவடிக்கை எடுக்க வேண்டிய எல்லை. முட்டை ஒட்டுண்ணியான டிரைக்கோகிரம்மா ஜப்பானிகம் ஏக்கருக்கு 2 சி.சி. வீதம், நட்ட 30-வது நாளும் 37-வது நாளும் விடுவது பரிந்துரை. முட்டை இருக்கும் நாளில் விட்டால்தான் ஒட்டுண்ணிக்கு வேலை. அந்த நாளைக் காட்டிக் கொடுப்பது விளக்கு.

புகையான் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. புகையானில் நீண்ட இறக்கை உள்ளது, குட்டை இறக்கை உள்ளது என இரு வகை. வெளியிலிருந்து பறந்து வந்து குடியேறுவது நீண்ட இறக்கை வகை. அதுதான் விளக்குக்கு வரும். குடியேறிய பிறகு தூரடியில் பெருகுவதில் குட்டை இறக்கை வகையே அதிகம். அதற்குப் பறக்க முடியாது, விளக்குக்கும் வராது. ஆகவே பொறி காலியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட்டால், தூரடியில் புகையான் பெருகி, வட்ட வட்டமாகப் பயிர் எரிந்து சாய்ந்த பிறகுதான் தெரியவரும். பொறியில் புகையான் விழுந்த நாள் முதல், வாரம் இருமுறை பயிரை விலக்கித் தூரடியைப் பார்ப்பது அவசியம். தூருக்கு ஒரு பூச்சி இருந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தியாவது இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம்.

பொறியில் பூச்சியைப் பார்த்த பதற்றத்தில் உடனே மருந்து தெளிப்பதுதான் பெரிய நஷ்டம். மருந்துச் செலவு, ஆள் கூலி போவது மட்டுமல்ல; செயற்கைப் பைரித்திராய்டு வகை மருந்துகளை நெல்லில் அடித்தால் சிலந்தி முதலான நண்பர்கள் மடிந்து புகையான் முன்னைவிடப் பெருகும். விளக்கு சொன்னதை வயலில் போய்ச் சரிபார்த்த பிறகே மருந்துக் கடைக்குப் போக வேண்டும்.

மானாவாரியிலும் தென்னந்தோப்பிலும்

மானாவாரி நிலக்கடலையில் சிவப்புக் கம்பளிப் புழு வந்தால் என்ன ஆகும் என்பதை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படை படையாக ஒரு வயலை மொட்டையடித்துவிட்டு அடுத்த வயலுக்கு நடந்து போகும். இதன் கூட்டுப்புழு மண்ணுக்குள் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து, விதைப்பு மழை பெய்தவுடன் அந்துப்பூச்சியாகக் கிளம்புகிறது. ஏறத்தாழ எல்லாம் ஒரே சமயத்தில் வெளிவருவதுதான் அதன் பலம். நமக்கு வாய்ப்பும் அதுவே. ஒரு தாய் அந்து நூற்றுக்கணக்கில் முட்டையிடும். மழைக்கு அடுத்த சில இரவுகளில் விளக்குப் பொறியும் சொக்கப்பனை போன்ற தீயும் வைத்து அந்துப்பூச்சிகளை அழிப்பது நீண்டகாலப் பரிந்துரை.

இதைத் தனி ஒருவர் செய்து பயனில்லை. ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் விளக்கு வைத்து, பக்கத்து ஐந்து ஏக்கர்க்காரர் சும்மா இருந்தால், அங்கே பொரித்த புழு இங்கேதான் வரும். மழை வந்த அன்றே ஊர் கூடிப் பேசி, எந்தெந்த வரப்பில் யார் விளக்கு வைப்பது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். காய்ந்த சருகும் காற்றும் இருக்கும் இடத்தில் தீ மூட்டாதீர்கள். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

தென்னையில் காண்டாமிருக வண்டும் விளக்குக்கு வரும். கோடை மழைக்குப் பிறகும் பருவமழைத் தொடக்கத்திலும் தோப்பில் விளக்குப் பொறி வைத்தால் வண்டுகளைப் பிடிக்கலாம். ஆனால் அவை பிறப்பது எருக்குழியில். எருக்குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்காமல் விளக்கு மட்டும் வைப்பது, குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைப்பது போல.

விளக்குக்கு வராத பூச்சிகளும் உண்டு. கத்தரித் தண்டு மற்றும் காய்த் துளைப்பானுக்கு விளக்கைவிட இனக்கவர்ச்சிப் பொறியே மேல். எந்தப் பூச்சிக்கு எந்தப் பொறி என்று பார்த்து வைப்பதே சிக்கனம்.

பகலில் வேறு கணக்கு

இரவில் பறப்பவற்றைப் பிடிப்பது விளக்கின் ஒளி. பகலில் பறக்கும் சிறு பூச்சிகளை ஏமாற்றுவது பொருளின் நிறம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, வெள்ளை ஈயைப் பிடிக்க மஞ்சள் அட்டை என்றால் இரவில் மஞ்சள் பல்பு போடுவதில் பயனில்லை.

ஜெர்மனியைச் சேர்ந்த மோரிக்கே என்பவர் மஞ்சள் தட்டில் தண்ணீர் வைத்து அசுவினிகளைப் பிடிக்கும் முறையை 1951-ல் எழுதினார். அசுவினி, வெள்ளை ஈ, இலைத் துளைப்பான் ஈ ஆகியவை பசுமையைத் தேடிப் பறக்கும்போது பச்சையும் மஞ்சளும் கலந்த ஒளியைக் கண்டு இறங்குகின்றன. இளம் இலையும் அந்த ஒளியைத்தான் வீசுகிறது. பளிச்சென்ற மஞ்சள் அட்டை அவற்றின் கண்ணுக்கு இலையைவிடச் சிறந்த இலை! வெள்ளை ஈயைப் பற்றி 1962-ல் மவுண்ட் என்பவர் செய்த ஆராய்ச்சியில், அதை மஞ்சள் ஒருபுறமும் நீலம், புற ஊதா மறுபுறமும் ஈர்ப்பதாகத் தெரிந்தது. கிளம்பிப் பறக்க வானத்தின் ஒளி. இறங்கி உட்கார இலையின் ஒளி.

உளுந்தில் மஞ்சள் தேமலையும் வெண்டையில் நரம்புத் தேமலையும் பரப்புவது வெள்ளை ஈ. ஏக்கருக்கு 5 மஞ்சள் ஒட்டுப்பொறி, பயிரின் தலைக்குச் சற்று மேலே வைத்தால் அதன் வருகை தெரியும். தகரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்து, விளக்கெண்ணெய் அல்லது கிரீஸ் தடவி வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பயிர் வளர வளரப் பொறியையும் உயர்த்த வேண்டும். பொள்ளாச்சிப் பகுதித் தென்னையில் 2016-ல் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈக்கும் இதே மஞ்சள் பொறியைப் பெரிய அளவில் செய்து மரத்தில் கட்டுகிறார்கள். இலைப்பேனுக்கு நீல அட்டை ஏற்றது. வெங்காயம், மிளகாய், பூச்செடி பயிரிடுவோர் நீல அட்டையையும் சேர்த்து வைத்தால் நல்லது.

ஈர்ப்பதைப் போலவே குழப்பவும் முடியும். வெள்ளி நிற மூடாக்குத் தாளைப் பாத்தியில் விரித்தால், வானத்தின் ஒளி கீழிருந்தும் அடிக்கிறது. எது மேல், எது கீழ் என்று தெரியாமல் அசுவினியும் வெள்ளை ஈயும் இலைப்பேனும் இறங்கத் தயங்குகின்றன. பயிர் வளர்ந்து தாளை மறைக்கும் வரை இந்தப் பலன் உண்டு. புற ஊதாவைத் தடுக்கும் பாலிதீன் கூரை போட்ட குடில்களுக்குள் வெள்ளை ஈ குறைவாக நுழைகிறது என்பதை இஸ்ரேலில் 1990-களில் கண்டார்கள். புற ஊதா இல்லாத இடம் அதற்கு இருண்ட குகை போலும்!

விரட்டும் விளக்கு

ஜப்பானில் இன்னொரு வழியில் போனார்கள். பழத்தோட்டங்களில் இரவில் வந்து பழத்தைக் குத்திச் சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சிகளுக்கு எதிராக 1960-களிலிருந்து மஞ்சள் விளக்கைப் பயன்படுத்தி வருகிறார்கள். பின்னர் பூச்செடி, காய்கறிகளில் காய்ப்புழு, புரொடீனியாப் புழு இவற்றின் அந்துப்பூச்சிகளுக்கும் அதையே பயன்படுத்தினார்கள்.

இது பொறி அல்ல. தோட்டம் முழுவதும் மெல்லிய மஞ்சள் ஒளி பரவும்படி விளக்குகளை அமைக்கிறார்கள். இருட்டியதும் அந்துப்பூச்சியின் கண் இரவுப் பார்வைக்கு மாறும். மஞ்சள் ஒளியில் அது மாறாமல் பகல் நிலையிலேயே நிற்கிறது. இன்னும் பொழுது சாயவில்லை என்று பூச்சி இருந்த இடத்திலேயே அமர்ந்துவிடுகிறது. பறப்பதும் இணைவதும் முட்டையிடுவதும் குறைகின்றன. மஞ்சள் விளக்கு பூச்சியை அதிகம் அழைப்பதும் இல்லை என்பது கூடுதல் வசதி. அண்மைக் காலத்தில் பசுமைக் குடில்களில் பகலில் சிவப்பு எல்.இ.டி. ஒளி பாய்ச்சி இலைப்பேனைக் குறைக்கும் முறையும் அங்கே வந்திருக்கிறது. இவை விலை உயர்ந்த விளைபொருளுக்கு ஏற்ற முறைகள். அரை ஏக்கர் கத்தரிக்கு இந்தச் செலவு கட்டாது.

விளக்கினால் வரும் கெடுதல்

வயலோரத்து மோட்டார் கொட்டகையில் இரவு முழுவதும் பளிச்சென்ற வெள்ளை விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே தண்ணீர்த் தொட்டி இல்லை. வந்த பூச்சி சாகாது. சுற்றிக் களைத்துப் பக்கத்துப் பயிரில் இறங்கும், முட்டையும் இடும். இது பூச்சிக்கு விருந்து வைத்து அழைத்த கதை. அந்த இடத்தில் மஞ்சள் பல்பைப் போட்டு, மேலே மூடி அமைத்து, வெளிச்சம் தரையை மட்டும் பார்க்கும்படி செய்யுங்கள். வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று, இரவு முழுவதும் வெளிச்சம் பட்டால் பயிரும் ஏமாறும். நீண்ட இரவைக் கணக்குப் பார்த்துக் கதிர்விடும் பழைய சம்பா ரகங்கள், தெரு விளக்கின் கீழ் மட்டும் கதிர்விடத் தாமதிப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். நோய் என்று எண்ணி மருந்து தேட வேண்டாம்; விளக்குதான் காரணம். இதில் சிவப்பு ஒளி மிகவும் வலுவானது. பூச்சியை அழைக்காத சிவப்பு விளக்கு பயிரின் நாட்கணக்கைக் குழப்பிவிடும் என்பதை மறக்கக்கூடாது.

மூன்றாவது, பொறியில் விழுவதெல்லாம் பகைவன் அல்ல. புகையானைத் தின்னும் மிரிட் நாவாய்ப்பூச்சி, தரை வண்டு முதலானவையும் விளக்குக்கு வருகின்றன. இதனால்தான் மாலை 6 மணி முதல் 10 மணி வரை மட்டும் விளக்கை எரிக்கச் சொல்கிறார்கள். விடிய விடிய எரிப்பது மின்சாரத்துக்கும் நஷ்டம், நண்பர்களுக்கும் நஷ்டம்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம்

உங்கள் ஊர்ப் பூச்சிக்கு எந்த நிறம் பிடிக்கிறது என்பதை அறிய ஆராய்ச்சி நிலையம் தேவையில்லை. ஒரே வாட் அளவில் மூன்று பல்புகள் வாங்குங்கள்: வெள்ளை, மஞ்சள், நீலம். மூன்று பழைய தகரத் தட்டு அல்லது பிளாஸ்டிக் தொட்டிகளில் தண்ணீர் ஊற்றிச் சிறிது சோப்புத் தூள் கரையுங்கள். சோப்பு இருந்தால் விழுந்த பூச்சி மிதந்து தப்பாது. விளக்குகளை வரப்பில் 100 அடிக்கு ஒன்றாக, பயிர் மட்டத்துக்குச் சற்று மேலே தொங்கவிட்டுக் கீழே தொட்டியை வையுங்கள்.

மறுநாள் காலையில் எண்ணி நோட்டில் எழுதுங்கள். இரண்டாம் நாள் விளக்குகளை இடம் மாற்றுங்கள். மூன்றாம் நாளும் மாற்றுங்கள். மூன்று விளக்கும் மூன்று இடத்திலும் இருந்துவிட்டால்தான் ஒப்பிடுவது நியாயம். இல்லாவிட்டால், வாய்க்காலோரம் இருந்த விளக்குக்குப் பூச்சி அதிகம் வந்ததை நிறத்தின் பெருமை என்று எண்ணிவிடுவோம். இதை மூன்று சுற்று, ஒன்பது இரவு செய்தால் போதும். மழை பெய்ததா, நிலவு இருந்ததா என்பதையும் குறித்து வையுங்கள். மொத்த எண்ணிக்கையை மட்டும் எழுதாமல், குருத்துப்பூச்சி எத்தனை, தத்துப்பூச்சி எத்தனை, நன்மை செய்பவை எத்தனை என்று பிரித்து எழுதுவதே பயன் தரும்.

மின் இணைப்பில் கவனம் தேவை. ஈர வரப்பில் ஒட்டுப்போட்ட வயர் எமனாகும். மின்சாரம் இழுக்க வசதி இல்லாத இடத்தில் சூரிய ஒளியில் இயங்கும் பொறியோ, பேட்டரி விளக்கோ நல்லது. தண்ணீர்த் தொட்டியில் கால்நடை வாய் வைக்காதபடி காலையில் கொட்டிக் கவிழ்த்துவிட வேண்டும்.

நினைவில் வைக்க

1. பூச்சியை அதிகம் அழைப்பவை புற ஊதா, நீலம். குறைவாக அழைப்பது மஞ்சள். மிகக் குறைவு சிவப்பு.

2. பிடிக்கும் இடத்தில் புற ஊதா அல்லது நீலவெள்ளை விளக்கும் சோப்புத் தண்ணீரும். கொட்டகையிலும் வாசலிலும் மஞ்சள் விளக்கு.

3. பொறி மாலை 6 முதல் 10 வரை. மறுநாள் எண்ணிக்கை, பிறகு வயலில் இறங்கிப் பார்வை, அதன் பிறகே மருந்து பற்றிய யோசனை.

4. பகலில் வெள்ளை ஈ, அசுவினிக்கு மஞ்சள் அட்டை. இலைப்பேனுக்கு நீல அட்டை.

5. பொறி காலியாக இருந்தாலும் புகையானுக்குத் தூரடியைப் பார்க்க மறவாதீர்கள்.

சிறு விவசாயிக்கு ஒரு தெளிப்பு மிச்சமானாலும் அது கையில் நிற்கும் பணம். அந்த ஒரு தெளிப்பு தேவைதானா என்பதை, வரப்பில் தொங்கும் ஒரு விளக்கும், காலையில் தொட்டியைக் குனிந்து எண்ணும் ஐந்து நிமிடமும் சொல்லிவிடும். அடுத்த அமாவாசை இருட்டில் தொடங்கிப் பாருங்கள்.